அச்சுத்தகடு பிறந்த கதை

நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை கிட்டப்பா 1933-ல் காலமானபோது வயது 27. தமிழில் பேசும் படம் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் எதிலும் நடிக்கவில்லை. மேடையில் பாடியது மேடையோடு போயிற்று. மிச்சம் இருக்கிற கிட்டப்பா இசைத்தட்டுக் கிட்டப்பாதான், பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். ஒரு வீட்டில் தட்டு உடைந்தாலும் இன்னொரு வீட்டில் அதே தட்டு இருந்தது. அதனால்தான் அந்தக் குரல் தப்பியது.

எடிசனின் மெழுகு உருளைகள் புழங்கிய ஆரம்ப நாட்களில் இப்படிக் கணக்கில்லாமல் பிரதி எடுக்க முடியவில்லை. பாடகர் முன்னால் பல கருவிகளை வரிசையாக வைப்பார்கள். ஒருமுறை பாடினால் அத்தனை உருளைதான். விற்றுத் தீர்ந்தால் மறுபடி பாட வேண்டும். தொண்டைத் தண்ணீர் வற்றுகிற பிழைப்பு.

1887-ல் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்ட எமில் பெர்லினர் தட்டையான தகட்டைத் தேர்ந்தெடுத்தார். துத்தநாகத் தகட்டில் மெல்லிய மெழுகுப் பூச்சு. ஊசி அதைக் கீறும். அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். அதன்மேல் மின்முலாம் ஏற்றி உரித்தெடுத்தால், பள்ளமெல்லாம் மேடான எதிர்த்தகடு கிடைக்கும். அதுதான் அச்சு. பாகை ஊற்றிச் சிரட்டை சிரட்டையாகக் கருப்பட்டி எடுப்பதுபோல, பாடகர் வீட்டுக்குப் போன பிறகும் தட்டு எடுத்துக்கொண்டே இருக்கலாம். கிராமபோனைவிட இந்த அச்சுதான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

முதலில் கெட்டி ரப்பரில் அழுத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. கைகொடுத்தது அரக்கு. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன சரக்கு. 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடியதும் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய், அங்கே தட்டாகி, கப்பலேறித் திரும்பியது. நம் அரக்கு, நம் பாட்டு, கூலி மட்டும் அவர்களுக்கு. 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது.

1982 ஆகஸ்டில் அதே ஹானோவரை ஒட்டிய லாங்கன்ஹாகனில் சிடி உற்பத்தி தொடங்கியது. ஊசிக்குப் பதில் லேசர், அரக்குக்குப் பதில் பாலிகார்பனேட். கண்ணாடித் தகட்டில் மாஸ்டர், அதிலிருந்து நிக்கல் அச்சு, பிறகு சில நொடிக்கு ஒரு தட்டு. யோசனை பெர்லினருடையதேதான். ஆனால் செலவெல்லாம் மாஸ்டரிலும் அச்சிலும் இருப்பதால், ஆயிரம் தட்டாவது அடித்தால்தான் கட்டுப்படியாகும். தட்டு தயாரித்த மோசர் பேயர் நிறுவனத்தால் 2007-ல் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் இறக்க முடிந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் விசிடி புழங்கிய நாட்களில், தாமிரபரணிக் கரையில் அம்மன் கோயில் கொடை விழாவைப் படம் பிடித்தால் அதற்கு ஆயிரம் தட்டு எதற்கு? வரி கொடுத்த தலைக்கட்டு இருநூறு முந்நூறு இருக்கும். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொடைக்கு வந்தவர்கள் ஊருக்குப் போகும்போது ஆளுக்கொன்று கேட்பார்கள். விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு ஒரு விசிடியில் அடங்காது. ஆளுக்குப் பல தட்டு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்டர். இந்த அளவுக்கு அச்சு சரிவராது, வெற்றுத் தட்டில் ரைட் பண்ணுவதுதான் வழி. மேலே மாஸ்டரைப் படிக்கும் ஒரு டிரைவ், கீழே எழுதும் டிரைவ்கள் ஏழெட்டு என அடுக்கிய டவர் இருந்தால் கணினியே வேண்டாம். அது இல்லாத கடையில் ஒரே கணினியில் ஒவ்வொன்றாக ராத்திரி முழுக்க ஓடும். அவசரப்பட்டு உச்ச வேகத்தில் எழுதினால் சில தட்டுகள் பழைய பிளேயரில் திக்கும்; நிதானமான வேகத்தில் எழுதி, கட்டுக்கு ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்துத்தான் உறையில் போட வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் ஆயுள் ஒன்றல்ல. அச்சில் அடித்த தட்டில் தகவல் பள்ளமாகவே இருக்கிறது. ரைட் செய்த தட்டில் லேசர் சுட்டது ஒரு சாயப்படலத்தை. வெயிலும் சூடும் அதை மெல்ல வெளிறச் செய்யும். திருநெல்வேலி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டிவி ஸ்டாண்டுக்கு அடியில் பழைய கொடைத் தட்டு கிடந்தால், அதைப் படிக்கிற டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இந்த வாரமே ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிடுங்கள்.