பட்டான் கல்: ஜவ்வாது மலையடிவாரத்து நடுகற்கள்

ஊருக்காக நின்றவனின் பெயரை ஊரார் கல்லில் பொறித்து வைக்கும் வழக்கம் தமிழகத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள் அதற்குச் சான்று. ஆனால் எண்ணிக்கையில் வளமான பகுதி வடக்கே, ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள செங்கம் வட்டாரம்.

காரணம் நில அமைப்பில் இருக்கிறது. மேட்டு நாடான தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைச் சமவெளிக்கு இறங்கும் வழி, ஜவ்வாது மலைக்கும் தெற்கே உள்ள குன்றுகளுக்கும் இடையே செங்கம் கணவாயாக ஓடுகிறது. இருபுறமும் மேய்ச்சல் காடு. ஆடுமாடுதான் சொத்து. தூக்கிச் செல்ல வேண்டாத, தானே நடந்து வரும் சொத்து அது. கொள்ளை போவதும் அதனாலேயே எளிது. கல்வெட்டுகள் மந்தையைத் ‘தொறு’ என்கின்றன. தொறுவைக் கவர வந்தவனும் மீட்கப் போனவனும் மோதிய இடங்களிலெல்லாம் கல் நின்றது.

செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவன் ஊருக்குப் போகும் காட்டு வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்பதைச் சொல்கிறது. கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு படிகளாக வகுக்கிறது: தக்க கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

செங்கம் கற்களில் பெரும்பாலானவை பல்லவர் காலத்தவை, எழுத்து வட்டெழுத்து. வீரன் ஒரு காலை முன்வைத்துப் பாய்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் வாள். உடம்பில் அம்பு தைத்திருப்பதையும் சில கற்களில் பார்க்கலாம். காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பது, இறந்தவனுக்குக் கள்ளும் படையலும் வைத்த வழக்கத்தின் சாயல் போலும்.

வாசகம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. முதலில் பல்லவ மன்னன் பெயரும் ஆட்சியாண்டும்; பிறகு வட்டாரத் தலைவன்; அதன் பிறகே செத்தவன் பெயரும் செத்த விதமும். முடிவில் ‘பட்டான் கல்’. பட்டான் என்றால் போரில் வீழ்ந்தான். மன்னன் முதலில் வந்தாலும் கல் அவனுக்காக நட்டதல்ல. ஆண்டைக் குறிக்க அவன் பயன்பட்டான், அவ்வளவுதான். மரியாதை முழுவதும் கடைசியில் வரும் பெயருக்கு. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் இளமக்கள், சேவகர்கள். ஒரு சிறு தலைவனின் கீழ் ஆயுதம் எடுத்தவர்கள். புலியைக் குத்தி மாண்ட சேவகன் ஒருவனுக்கும் கல் உண்டு.

இவற்றில் பெயர் பெற்றது எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்தான். அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்வெட்டு பதிவு செய்கிறது. பேரரசர்கள் கோயில் எடுத்துப் புகழ் தேடிய காலத்தில் ஒரு நாயின் பெயர் வட்டெழுத்தில் ஏறியிருக்கிறது.

கல்லோடு நிற்காமல், வீழ்ந்தவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். சிந்திய இரத்தத்துக்கு ஈடான நிலம். இன்றைய குடும்ப ஓய்வூதியத்தின் முன்னோடி என்று சொன்னால் மிகையாகாது. உயிரோடிருப்பவர்க்கு வேறு மரியாதை: சங்க கால அரசர் படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் தந்தனர். சாதாரண இளமகனுக்கோ செத்த பிறகுதான் பெயர் கிடைத்தது.

மலைக்கு வடக்கே பாலாற்றுப் பக்கமும் வழக்கம் இதுதான். அண்டை நாட்டு அரசரான நுளம்பரின் படை தொறுக் கொள்ள வந்தபோது ஆம்பூரில் வீழ்ந்தவர்களுக்குப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில் கற்கள் நடப்பட்டன. பத்தாம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி ஊன்றிய பின் கல்வெட்டுகள் கோயில் சுவருக்கு நகர்ந்தன. அங்கே விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பெயர் ஏறியது. நடுகல் நின்றுபோகவில்லை, ஆனால் பிற்காலக் கற்கள் பலவற்றில் உருவம் மட்டும் உண்டு, எழுத்து இல்லை.

எழுத்தைப் படிக்க ஆளில்லாமல் போனபோது வீரன் தெய்வமானான். செங்கம், தருமபுரி வட்டாரங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எண்ணெயும் மஞ்சளும் படிந்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டும் சாமி. பிள்ளைகளுக்கு வேடியப்பன், வேடியம்மாள் என்று பெயரிடுவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். கல்லில் இருக்கும் சொந்தப் பெயர் மறந்து, பொதுப் பெயர் ஒன்று நிலைத்துவிட்டது.

அந்தச் சொந்தப் பெயர்கள் மீண்டும் வாசிக்கப்பட்டது 1970களின் தொடக்கத்தில். இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. இன்றும் ஜவ்வாது மலைப் பகுதியில் புதிய கற்கள் கண்டறியப்பட்டுக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலும் ஏதாவது ஒரு வயல் வரப்பில் அல்லது புளியமரத்தடிச் சாமியாக.