ஜார்ஜினாவின் சிரிப்பும் ஒரு ஸ்பூனும்

ஜோர்டன் பீல் எழுதி இயக்கி 2017இல் வெளிவந்த ‘கெட் அவுட்’ படத்தை முதுகலை மாணவிகள் நால்வரோடு உட்கார்ந்து இரண்டாவது முறையாகப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது பயந்தேன். இந்த முறை படம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அந்த வேலைக்காரப் பெண் சிரிச்சுக்கிட்டே ஏன் அழறா, மேம்?”

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிறிஸ் என்ற கறுப்பின இளைஞன் தன் வெள்ளைக்காரக் காதலி ரோஸின் வீட்டுக்குப் போகிறான். அப்பா மூளை அறுவை மருத்துவர். ஒபாமா மூன்றாம் முறை நின்றிருந்தாலும் அவருக்கே ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறவர். அம்மா மனநல மருத்துவர். எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். விருந்தாளிகள் அவன் உடற்கட்டையும் கண்ணையும் மெச்சுகிறார்கள். அந்த மெச்சல்தான் விலை பேசும் பேச்சு என்பது நமக்குப் பிறகுதான் தெரிகிறது. கறுப்பு உடலுக்குள் வெள்ளை மூளையை வைத்து முதியவர்கள் சாவைத் தள்ளிப்போடுகிற குடும்பம் அது. உடலுக்குச் சொந்தக்காரர் செத்துப்போவதில்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் அமிழ்ந்து கிடந்து, தன் கையும் காலும் இன்னொருவருக்கு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலைக்காரி ஜார்ஜினாவுக்குள் இருப்பது அந்த வீட்டுப் பாட்டி. வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் சூழ இருந்தால் தனக்குப் படபடப்பாக இருக்கிறது என்று கிறிஸ் சொன்னதும் அவள் சிரிக்கிறாள். இல்லை, இல்லை என்று தலையாட்டுகிறாள். கண்ணீர் மட்டும் தன்போக்கில் வழிகிறது. இவர்கள் எங்களைக் குடும்பம் போல நடத்துகிறார்கள் என்கிறாள். பெட்டி கேப்ரியல் நடித்த அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை வகுப்புக்குக் கொண்டுபோகலாம்.

மாணவியின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மனம் 1845க்குப் போயிருந்தது.

அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரம். ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவரிடம் அனார்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று அடிமைப் பெண்கள் வந்து சேர்கிறார்கள். மூவருமே இருபது வயதைத் தாண்டாதவர்கள். பிரசவம் நாள்கணக்கில் இழுத்ததில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும் நோய் அவர்களுக்கு. அவர்களை முதலாளிகள் ஏன் மருத்துவரிடம் அனுப்பினார்கள்? வர்ஜீனியாவில் 1662இலேயே சட்டம் வந்துவிட்டது: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டதும் கறுப்புப் பெண்ணின் கருப்பை தோட்ட முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இன்னும் பெரிய வரவானது. பிள்ளை பெற முடியாதவள் நஷ்டம்.

சிம்ஸ் முதலாளிகளோடு செய்துகொண்ட ஏற்பாட்டை அவரே எழுதிவைத்திருக்கிறார். பெண்களைச் சோதனைக்குத் தர வேண்டும். சாப்பாட்டுச் செலவு அவருடையது. வரியும் துணியும் முதலாளிகள் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தில் பெண்கள் ஒரு தரப்பே இல்லை. வீட்டுப் பின்புறத்தில் சிறிய மருத்துவமனை கட்டி நான்கு ஆண்டுகள் அறுத்துத் தைத்தார். அனார்காவுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள். 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்தாகச் செய்துகாட்டப்பட்ட பிறகும் இவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. கூட இருந்த வெள்ளை மருத்துவர்கள் சலித்து விலகியபோது, அந்தப் பெண்களே ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு உதவியாளர்களாக நின்றார்கள். அவர்கள் சம்மதித்தார்கள், விரும்பிக் கேட்டார்கள் என்பதும் சிம்ஸின் எழுத்துதான். குணமாக வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாதவளின் ‘சரி’யை என்னவென்று படிப்பது? ஜார்ஜினாவின் சிரிப்பைப் படிப்பது போலத்தான்.

சிம்ஸ் முதலில் பெட்ஸியைச் சோதித்தது காம்பு வளைத்த ஒரு ஸ்பூனால். இன்று மகப்பேறு மருத்துவர் மேசையில் இருக்கும் ஸ்பெக்குலத்துக்கு முன்னோடி அது. படத்தில் ரோஸின் அம்மா கிறிஸை வசியப்படுத்துவதும் தேநீர்க் கோப்பையில் ஸ்பூனைச் சுழற்றித்தான். பீல் இதை நினைத்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்தச் சத்தம் வேறெங்கோ கேட்டது. நானும் அந்தக் கருவிக்கு முன் படுத்திருக்கிறேன், பிழைத்திருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன். அதனால் இந்த வரலாற்றை அடுத்த வீட்டுக் கதையாக என்னால் சொல்ல முடிவதில்லை.

ரோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவளும் பாதிக்கப்பட்டவள், வசியத்துக்கு ஆளானவள் என்று கடைசிவரை நம்பியது எங்கள் கூட்டம். பெண் என்பதால் கொடுத்த சலுகை. வெள்ளைப் பெண்கள் தங்கள் பெயரிலேயே அடிமைகளை வாங்கினார்கள், விற்றார்கள், சீதனமாகப் பெற்றார்கள் என்பதை ஸ்டெஃபனி ஜோன்ஸ்-ராஜர்ஸ் 2019இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அடுத்த ஆளை இணையத்தில் தேடிக்கொண்டே உறிஞ்சுகுழலில் பால் குடிக்கும் ரோஸ், அந்த நூலின் பக்கங்களிலிருந்து எழுந்து வந்தவள் போலிருக்கிறாள்.

தலைப்பைப் பற்றி ஒரு தமிழாசிரியையின் முணுமுணுப்பு: ‘வெளியே போ’ என்று மொழிபெயர்த்தால் அது வீட்டுக்காரர் குரல் ஆகிவிடும். படத்தில் அதைக் கத்துவது உள்ளே அமிழ்ந்துபோன ஒருவன், ஒரு கேமரா வெளிச்சத்தில் கணநேரம் விழித்துக்கொண்டு. ‘தப்பிச்சு ஓடிடு’ என்பதுதான் பக்கத்தில் வருகிறது.

2018 மார்ச்சில் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பீலுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அடுத்த மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து சிம்ஸின் சிலை அகற்றப்பட்டது. 2021இல் மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர் மாண்ட்கமரியிலேயே அனார்கா, பெட்ஸி, லூசிக்குக் கழிவு உலோகங்களால் பேருருவங்கள் எழுப்பினார். முகங்கள் அவர் கற்பனைதான். மூவரின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் அதே மாணவி, “அப்போ ஜார்ஜினாவோட உண்மையான பேர் என்ன, மேம்?” என்றாள். ரோஸின் பெட்டியில் கிடைக்கும் புகைப்படங்களில் அவளும் ரோஸும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அந்தக் காட்சியை மறுபடி ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் இல்லாமல். பெயர் இல்லை.