ஒன்பது வருஷ டூர்

தாஜ்மஹாலுக்குப் போகும் நம் ஆட்கள் எல்லோரும் எடுக்கும் போட்டோ ஒன்றுதான். நீளக் குளம், பின்னால் குவிமாடம், முன்னால் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் குடும்பம். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது!

கேமராவே இல்லாத 1789-ல் இரண்டு பேர் அதே தாஜ்மஹாலைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் தாமஸ் டேனியல், இங்கிலாந்துக்காரர், ஓவியர். இன்னொருவர் வில்லியம், அவருடைய உடன்பிறந்தவரின் மகன். தகப்பன் இறந்ததால் தாமஸிடம் வளர்ந்த பையன். 1785-ல் கப்பல் ஏறியபோது அவனுக்கு வயது பதினாறு. உதவியாளாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

கல்கத்தாவில் இறங்கி, அந்த நகரத்தையே பன்னிரண்டு படங்களாக அச்சிட்டு விற்றார்கள். பிறகு 1788-ல் கங்கையில் படகேறி ஆக்ரா, டெல்லி, இமயமலையில் கட்வால் ஸ்ரீநகர் வரை போனார்கள். கையில் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப் பெட்டி. லென்ஸ் வழியாக வரும் வெளிக்காட்சி உள்ளே காகிதத்தில் விழும். அதன்மேல் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். வண்ணமெல்லாம் பிறகுதான். இவர்களுக்கு முன் வந்த ஹாட்ஜஸ் என்ற ஓவியரின் படங்களை அந்தந்த இடத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே பிசகு என்று வில்லியம் டைரியில் குறித்து வைத்தான். பையன் தேறிவிட்டான், பாருங்கள்!

பணம் தீர்ந்தால்? வரைந்த படங்களை லாட்டரி போட்டு விற்றார்கள். அந்தக் காசில் 1792-ல் சென்னைக்கு வந்தார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. பிரிட்டிஷ் படை போன பாதையிலேயே ராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டே தெற்கே இறங்கினார்கள். வென்றவர்களுக்குத் தாங்கள் வென்ற இடங்களைப் படத்தில் பார்க்க ஆசை இருக்காதா? அழகுக்குப் பின்னால் அந்த வியாபாரமும் இருந்தது. பல்லக்குச் சுமந்தவர்கள், மேஜையும் பெட்டியும் தூக்கியவர்கள் பெயர் எந்தப் படத்தின் கீழும் இல்லை.

அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. காவிரியிலிருந்து திருச்சி மலைக்கோட்டை, மதுரை புதுமண்டபம், தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், பாபநாசம் அருவி. ஒரு படத்துக்குத் தலைப்பு குமரிமுனை. வரைந்த இடமோ களக்காடு பக்கம். திருநெல்வேலிக்காரர்கள் சிரிப்பார்கள்!

1794-ல் ஊர் திரும்பினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக 'ஓரியண்டல் சீனரி' வெளிவந்தது. செம்புத் தகட்டில் அமிலம் கொண்டு அரித்து அச்சிடும் அந்த வேலையில் பெரும்பங்கு வில்லியமுடையது.

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்ததுதான். 1813-ல் வில்லியம் தன் சொந்த நாட்டின் கடற்கரையைச் சுற்றிப் பார்த்து வரையக் கிளம்பினார். 1825 வரை அந்த வேலை நீண்டது. 308 படங்கள், எட்டுத் தொகுதிகள். பிறந்த மண்ணை அப்படி நின்று பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும்தான்.

நமக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குக் குதுப் மினாரும் கேட்வே ஆஃப் இந்தியாவும் தெரியும். பாபநாசம் தெரியாது. கோடை லீவில் ஊருக்குப் போனால் உறவுக்காரர் வீடு, கல்யாணம், துணிக்கடை, திரும்பி ரயில். அடுத்த தடவை ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். படம் எப்படி வந்தால் என்ன? எங்கே போனாலும் அந்தக் கரை அவர்களுக்கு மறக்காது.