டிஷியன் பார்க்காத சுல்தானா

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில், சாரசோட்டா நகரின் ரிங்லிங் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அணிமணிகள் பதித்த தலையணியோடு ஒரு பெண். கையில் சிறு விலங்கு. 1550களில் வெனிஸின் பெரும் ஓவியர் டிஷியன் தீட்டியது. ‘லா சுல்தானா ரோசா’ என்பார்கள். ஐரோப்பா ‘ரோக்ஸலானா’ என்று அழைத்த, ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெம்தான் இவர் என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு.

டிஷியன் இஸ்தான்புல் மண்ணை மிதித்ததே இல்லை! போயிருந்தாலும் அந்தப்புர வாசலைத் தாண்டியிருக்க முடியாது. இன்னொரு வெனிஸ் ஓவியரான ஜெண்டிலே பெல்லினி அங்கே போய் 1480-ல் சுல்தான் இரண்டாம் மெஹ்மதை வரைந்தார் என்றால், அது சுல்தானே விரும்பி அழைத்ததால்.

பிறகு ஏன் வரைந்தார்கள்? 1529-ல் வியன்னாவை முற்றுகையிட்ட சுலைமானின் பெயரே ஐரோப்பாவுக்குக் கிலி. அப்படிப்பட்டவர், அடிமையாக வந்த பெண்ணை ஒட்டோமான் மரபை மீறி முறைப்படி மணந்துகொண்டார். சூனியம் வைத்து மயக்கிவிட்டாள் என்று வதந்தி பறந்தது. முகத்தைக் கண்டவர் இல்லை. படத்தை வாங்க ஆள் இருந்தது. கற்பனை போதாதா?

மகள் மிஹ்ரிமாவின் கதை இன்னும் வேடிக்கை. லண்டன் கோர்ட்டால்ட் தொகுப்பில், டிஷியன் பாணியில் யாரோ வரைந்த ஓவியம் ஒன்று அவருடையது எனப்படுகிறது. உடை கீழைநாட்டுடையது, அருகிலோ கிறிஸ்தவப் புனிதை கேத்தரினின் சித்திரவதைச் சக்கரம்! கட்டடக் கலைஞர் சினானைக் கொண்டு இஸ்தான்புல்லில் இரண்டு பள்ளிவாசல்கள் எழுப்பிய இளவரசிக்கு இந்த வேடம். ஓவியருக்கு அவர் யார் என்பதில் அக்கறையே இருந்ததாகத் தெரியவில்லை.

ஹுர்ரெமை அறிய அவர் கடிதங்களைத்தான் நாட வேண்டும். 1548-ல் போலந்தில் இரண்டாம் சிகிஸ்மண்ட் அரியணை ஏறியதும் ஹுர்ரெம் வாழ்த்து எழுதினார்; பரிசாகச் சட்டைகளும் கைக்குட்டைகளும்கூட அனுப்பினார். அவர் பிறந்த ருத்தேனியா அன்று போலந்து அரசருக்கு உட்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அண்டை நாட்டு அரசரோடு உறவாடத் தெரிந்த அரசியல்வாதி இவர். அந்த முகத்தை வெனிஸ் தூரிகைகள் தொடவேயில்லை.

1552-ல் ஜெருசலேமில் ஏழைகளுக்கு உணவளிக்க ஒரு அன்னசாலையையும் நிறுவினார். 1558-ல் இறந்த ஹுர்ரெமின் கல்லறை சுலைமானியே பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. இஸ்தான்புல் போகிறவர்கள் தவறாமல் பாருங்கள்.