நான்கு அங்குல வித்தியாசம்

இளம் வயதில் கொழும்பில் நண்பர் ஒருவரின் வீட்டில் பேஸ் கிற்றார் ஒன்றை முதன்முதலாக மடியில் ஏந்திய நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. இடது கை விரல்களை எவ்வளவு விரித்தும் முதல் நான்கு மெட்டுகளை ஒருசேர எட்ட இயலவில்லை. "இது உம்முடைய கைக்குரிய வாத்தியம் அல்ல" என்றார் நண்பர். நானும் நம்பிக் கீழே வைத்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து அவ்வாத்தியத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் குறை என் கையில் இருக்கவில்லை என்பது தெரிந்தது.

1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன்' பேஸ் கிற்றாரில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். அதுவே பின்னர் பொது அளவாக நிலைத்தது. ஆனால், இரண்டே ஆண்டுகளில் கிப்சன் நிறுவனம் வயலின் வடிவில் 30.5 அங்குல வாத்தியமொன்றைக் கொண்டுவந்தது. 1950களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஹொஃப்னர் நிறுவனமும் ஏறத்தாழ 30 அங்குலத்தில் ஒன்றைச் செய்தது. 1961இல் ஹம்பேர்க் நகரில் போல் மக்கார்ட்னி சுமார் 30 பவுணுக்கு வாங்கியது அதைத்தான். மலிவு ஒரு காரணம். இருபுறமும் ஒத்த வடிவம் என்பதால் இடக்கைக்காரரான அவர் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பது மற்றொரு காரணம்.

நான்கு அங்குலத்தில் என்ன இருக்கிறது என வாசகர்கள் வினவலாம். அதே தடிப்புள்ள தந்தியை அதே சுருதிக்குக் கூட்டினால், 30 அங்குலத்தில் இழுவிசை ஏறத்தாழ 22 சதவீதம் குறைகிறது. மெட்டுகள் நெருங்குகின்றன, விரல் நோவு குறைகிறது, நாதம் மென்மையாக, உருண்டு ஒலிக்கிறது. தடித்த கீழ்த்தந்தி சற்றே தளர்ந்து தெளிவிழப்பது இதன் பலவீனம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஃபெண்டர் நிறுவனம் 1966இல் 30 அங்குல 'மஸ்டாங்' பேஸை மாணவர்களுக்கான கிற்றார் வரிசையோடு சேர்த்து விற்றது. குட்டை வாத்தியம் கற்றுக்குட்டிகளுக்கே உரியது என்ற ஏளனம் நெடுங்காலம் நிலவியது. அது நியாயமானதன்று. 'கிரீம்' குழுவின் ஜக் புரூஸ் இசைத்தது 30.5 அங்குல கிப்சன். 1965 முதல் நீளமான ரிக்கன்பக்கரைக் கையாண்ட மக்கார்ட்னி, 1969 ஜனவரி 30இல் லண்டன் கட்டடக் கூரையில் பீற்றில்ஸ் குழுவினர் இறுதியாகப் பகிரங்கமாக இசைத்தபோது ஏந்தியதும் ஹொஃப்னரையே. தெரிவு செய்யும் வசதி படைத்தவரே மீண்டும் அதனிடம் வந்தார். அவர் முதலில் வாங்கிய வாத்தியம் 1972இல் லண்டனில் களவு போய், மீண்டும் அவரிடம் சேர்ந்த செய்தி 2024இல் வெளியானது.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளையொருத்தியின் 30 அங்குல வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். சின்னவிரல் நான்காவது மெட்டைச் சிரமமின்றித் தொட்டது. விரல்கள் இப்போது முதுமையில் விறைத்துவிட்டன. எனினும், அன்று அந்த ஒரு வாக்கியத்தை நம்பாதிருந்திருக்கலாம் என்றே தோன்றியது.