மைக் செட்டும் மண்ணும்

மதுரையிலிருந்து பசுமலைக்குப் போகும் வழியில் பைக்காரா என்றொரு பேட்டை இருக்கிறது. நீலகிரியில் 1932-இல் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்திறங்கிய ஸ்தலமாதலால் ஏற்பட்ட பெயர் அது. 1944-இல் பாபநாசமும் சேர்ந்துகொள்ள, பின்னர் கிணற்று மோட்டார்களுக்காக மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிச் சீமையெங்கும் கம்பிகள் ஓடியபோது, அதுவரை பாட்டரியை நம்பியிருந்த மைக் செட்டுக்காரர் முளைப்பாரிக்கும் வள்ளி திருமண நாடகத்துக்கும் கம்பி மின்சாரத்தையே நாடலானார்.

அந்நாளைய வால்வு ரேடியோக்களில் ஒரு ஜாதி உண்டு. நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் ஓடவேண்டும் என்பதற்காக டிரான்ஸ்பார்மரையே விலக்கிச் செய்த அப்பெட்டிகளில், சாஸித் தகடு மின்கம்பியின் ஒரு முனையோடு நேராகப் பிணைந்திருந்தபடியால், இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகிய மாத்திரத்தில் தகடு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். கேட்பவரைக் காத்தவை மரப்பெட்டியும், பேக்கலைட் குமிழும், குமிழின் திருகாணிக் குழியில் அடைத்த மெழுகுமே. டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்பிளிபயர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதன் இரும்புப் பெட்டியும் மைக்கின் உலோகக் கூடும் வயரின் வலையுறை வழியாக ஒன்றாகிவிடுவதால், பெட்டியில் கசிவதெல்லாம் பாடுகிறவரின் உதட்டுக்கே போய்ச் சேரும். இரைச்சலை அடக்க மின்கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்த 0.01 மைக்ரோபாரட் கண்டென்சர் நல்ல நிலையிலேயே ஏறக்குறைய 0.7 மில்லி ஆம்பியரை விடும்; உதட்டில் சுரீரென்று உறைக்க அது போதும். மெழுகுக் காகிதக் கண்டென்சர் வயதாகி ஈரம் குடித்துவிட்டால் இந்தக் கணக்கும் செல்லாது.

இதற்குப் பரிகாரமான எர்த், உயிர்ப் பயத்தால் மட்டும் வந்ததென்று நான் நம்பவில்லை. பெட்டியை மண்ணோடு சேர்த்தால் குழாயில் கேட்கும் உர்ரென்ற ஹம்மிங் அடங்கும். ஆகவே வாய்க்கால் ஓரத்தில் ஈரமுள்ள இடமாகப் பார்த்து இரும்புக் கம்பியை அறைந்து, செப்புக் கம்பியைச் சுற்றி, சித்திரை வெயிலில் மண் வறண்டுபோனால் ஒரு குடம் நீரும் ஊற்றுவார்கள். நிரந்தரக் கட்டடங்களில் உப்பும் கரியும் அடுக்கிய எர்த் குழி செய்த வேலையை, திருவிழாத் திடலில் அந்தக் குடம் செய்தது. (நியூட்ரல் கம்பிக்குப் பதிலாக அந்த மண்ணையே பிடித்துக்கொண்டு, மேலே கொக்கி போட்டு மின்சாரம் எடுத்த சாகசக்காரர்களும் உண்டு, கம்பி சற்றே தளர்ந்தால் பெட்டியே மின்கம்பியாகிவிடும்.)

விசித்திரம் என்னவென்றால், ஹம்மிங்கை ஒழிக்க வந்த எர்த்தை, பின்னாளில் ஹம்மிங்கை ஒழிப்பதற்காகவே கழற்றினார்கள். ஆம்பிளிபயர், டேப், மிக்சர் என்று கருவிகள் பெருகி, ஒவ்வொன்றும் தனித்தனியே எர்த் பிடித்ததும், அவற்றுக்கிடையே சுற்றிவரும் மின்னோட்டம் மறுபடியும் இரைச்சலைக் கிளப்பியது. பிளக்கில் எர்த்துக்கான மூன்றாம் முள்ளை முறித்துவிடுவது சுலபமான வைத்தியமாயிற்று.

டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய செட்டை விரும்பி வாங்குவோர் இன்று செய்யத்தக்கது இதுதான்: பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களில் தங்கிய மின்னேற்றம் வடிந்தபின், இரு மின்முட்களையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றுக்கும் சாஸிக்கும் இடையே மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே முள் இறங்கினால் அந்தப் பெட்டிக்கு மின்சாரமே காட்டக்கூடாது. முதலில் அந்த மெழுகுக் கண்டென்சரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும். டிரான்ஸ்பார்மரே ஈரம் குடித்திருந்தால் அதற்கும் மாற்றுத்தான். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் டிரிப் சுவிட்சு, பழைய செட்டைப் போட்டதும் விழுகிறதென்று சலித்து, சுவிட்சையே கழற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.