தவான் இருமுறை கைமாறிய கதை

இளையவர்களைக் கொடுத்துத் தேர்ந்த ஆட்டக்காரரைப் பெறுவது இலாபமா என்ற வாதம் இங்கே சந்திரகிரிப் பக்கத்துச் சென்னை, ஹைதராபாத் ரசிகர்களிடையே ஓய்வதில்லை. ஐபிஎல் வரலாற்றில் இதற்கு ஷிகர் தவானே தக்க சான்று. தராசின் இரு தட்டிலும் வைக்கப்பட்டவர் அவர்.

2009இல் டெல்லி அணி, 23 வயதுத் தவானை மும்பைக்குத் தந்து வேகப்பந்து வீச்சாளர் ஆசிஷ் நெஹ்ராவைப் பெற்றது. நெஹ்ரா 19 விக்கெட் வீழ்த்தினார். டெல்லி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கில்கிறிஸ்டின் மட்டைக்கு இரையானது. மும்பையில் தவான் சோபிக்கவில்லை. அவர் மலர்ந்தது பின்னாளில், ஹைதராபாத்தில். டெல்லி இழந்ததை மும்பை பெறவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

2018 இறுதியில் காட்சி தலைகீழானது. அதே தவானுக்காக டெல்லி மூவரைக் கொடுத்தது: தமிழகத்தின் விஜய் சங்கர், ஷாபாஸ் நதீம், 55 இலட்ச ரூபாய் ஊதியத்தில் இருந்த 18 வயது அபிஷேக் சர்மா. தவான் 2019இல் 521, 2020இல் 618 ஓட்டங்கள் குவித்தார். டெல்லி முதன்முறையாக இறுதிப்போட்டியை எட்டியது. அபிஷேக்கின் 55 பந்து 141 ஓட்டங்கள் வந்ததோ 2025இல்.

இதைக் கொண்டு டெல்லியை ஏமாளி என்பது பின்னோக்கிய ஞானம். அமெரிக்கப் பேஸ்பாலில் இளம் வீரர் மீதான உரிமை, முதன்மை லீக்கில் ஏறத்தாழ ஆறு பருவம் அணியிடமே நிற்கும்; காத்திருப்பதற்குப் பொருளுண்டு. ஐபிஎல்லிலோ பெரிய ஏலம் வந்தால் கணக்கு கலைந்துவிடும். ஹைதராபாத்தே 2022 ஏலத்தில் அபிஷேக்கை 6.5 கோடி கொடுத்துத்தான் மீண்டும் எடுத்தது.